பந்தி வஞ்சனையும் திருவிருந்தும்

கிறிஸ்தவர்கள் ஒரு சபையாகக் கூடி எவ்வாறு வாழவேண்டும் என்பது பற்றிய போதனை, ஆரவாரமற்ற ஓர் ஆசிரமத்தில் ஞானிகள் அமர்ந்து சிந்தித்து வகுத்த தத்துவமாகப் பிறந்ததன்று. புகார்களுக்கு விடையாக, சச்சரவுகளின் நடுவே, தொலைவிலிருந்து எழுதப்பட்ட நிருபங்களின் வாயிலாகவே அது பெரும்பாலும் உருப்பெற்றது என்பதைப் புதிய ஏற்பாட்டைச் சரித்திர நோக்கோடு வாசிப்போர் அறிவர். அச்சச்சரவுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, அவற்றுட் பல உணவைப் பற்றியவை என்பதும் புலனாகும். எருசலேம் சபையில் முதன்முதல் எழுந்த முறுமுறுப்பு, கிரேக்கமொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்பதே. அக்குறையைத் தீர்ப்பதற்கென்றே எழுவர் தெரிந்துகொள்ளப்பட்டனர். அந்தியோகியாவில் பேதுருவுக்கும் பவுலுக்கும் நேர்ந்த வெளிப்படையான மோதல், யூதரல்லாதாரோடு கூடியிருந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே அப்பந்தியை விட்டு ஒதுங்கிக்கொண்டதனால் விளைந்தது. ரோமாபுரியில் மரக்கறி மட்டுமே உண்பாரும் யாவற்றையும் உண்பாரும் ஒருவரையொருவர் இகழ்ந்தனர். கொரிந்துவிலோ, சபையின் நடுநாயகமான திருவிருந்தே பந்தி வஞ்சனைக்கு இடமாயிற்று.

இந்நான்கினுள் கொரிந்துவின் செய்தியே நமக்கு மிக விரிவாகக் கிடைத்துள்ளது. அங்கே நடந்தது யாது, அதற்குப் பவுல் அளித்த தீர்ப்பு யாது, அத்தீர்ப்பு பிற்காலத்தில் எவ்வாறு நியமமாக நிலைபெற்றது, அதில் அவர் அடைக்காமல் விட்டுச் சென்ற ஒரு வாயில் தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் வரலாற்றில் எத்தகைய விளைவுகளுக்கு வழிவிட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரமும் சபையும்

கி.மு. 146-இல் ரோமானியத் தளபதி மும்மியஸால் அழிக்கப்பட்டு, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பாழ்பட்டுக் கிடந்த கொரிந்து, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் ரோமானியக் குடியேற்ற நகரமாக மீண்டும் எழுப்பப்பட்டது. அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டோருள் விடுதலை பெற்ற அடிமைகள் மிகுதி. ஒருபுறம் கெங்கிரேயா, மறுபுறம் லெக்கேயம் என்னும் இரு துறைமுகங்களின் சுங்கமும் வாணிபமும் அந்நகரத்தை விரைவில் செல்வத்திற் கொழிக்கச் செய்தன. ஆயினும், குலப்பெருமை பேசுதற்குப் பழங்குடிகள் அதிகம் இல்லாத அவ்வூரில், பிறப்பால் உயர்வு கோர இயலாதார் பணத்தாலும், விருந்தாலும், தம் பெயர் பொறித்த கட்டடங்களாலும் உயர்வு தேடிக்கொள்ள முந்தினர்.

இத்தகைய நகரத்திற்குத்தான் கி.பி. 50-ஐ ஒட்டிப் பவுல் வந்து சேர்ந்தார். அவர் அங்கிருந்த காலத்தில் மாகாண அதிபதியாயிருந்த கல்லியோனின் பெயரைத் தாங்கிய கல்வெட்டு டெல்பி என்னும் தலத்திற் கிடைத்து, அவ்வதிபதியின் பதவிக்காலம் கி.பி. 51, 52-ஐச் சார்ந்தது என்பதை உறுதிப்படுத்தியிருப்பதால், புதிய ஏற்பாட்டுக் காலக்கணிப்பில் இது ஐயத்துக்கிடமற்ற நங்கூரமாகக் கருதப்படுகிறது. கிலவுதியு இராயனின் ஆணையால் ரோமாபுரியை விட்டு வெளியேறி வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளோடு தங்கி, அவர்களுடன் கூடாரத் தொழில் செய்துகொண்டே பவுல் ஒன்றரை ஆண்டு அங்கே போதித்தார். அவருடைய உழைப்பால் உருவான சபையில், ஜெப ஆலயத் தலைவனாயிருந்த கிறிஸ்பு, சபையார் அனைவருக்கும் தன் வீட்டைத் திறந்துவிடத்தக்க வசதி படைத்த காயு, நகரத்தின் பொருள்விசாரணைக்காரனாகிய எரஸ்து ஆகிய சிலர் செல்வாக்கு உடையோர். மற்றையோருட் பலர் கூலிவேலை செய்வோரும் அடிமைகளுமாவர். ஞானிகளும் வல்லவர்களும் உயர்குலத்தோரும் அவர்களுள் அதிகம் இல்லை என்று பவுலே அவர்களுக்கு நினைவூட்டுகிறார். அதிகம் இல்லை என்றாரேயன்றி, அறவே இல்லை என்றாரில்லை. அச்சிலருக்கும் அப்பலருக்கும் இடையே நேர்ந்ததே நாம் ஆராயப்புகும் செய்தி.

விருந்தில் நடந்தது

அக்காலத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தனி ஆலயக் கட்டடங்கள் கிடையா. வசதியுள்ள ஒருவர் வீட்டிற் கூடுவதும், கூடிய இடத்தில் முழு உணவாகவே விருந்து உண்பதும், அவ்விருந்தின் பகுதியாக அப்பம் பிட்டுப் பாத்திரம் பகிர்வதும் வழக்கம். ரோமானியப் பாணியில் அமைந்த இல்லத்தின் போஜன அறையில் மூன்று சாய்வுமஞ்சங்கள் இடப்பட்டு, ஒவ்வொன்றிலும் மூவராக ஒன்பது பேர் சாய்ந்திருந்து உண்பர். அதற்கு மேற்பட்டோர் வெளிமுற்றத்தில் இருக்க வேண்டியதே. ஆகவே, நாற்பது ஐம்பது பேர் கூடும்போது, உள்ளே யார், வெளியே யார் என்னும் கேள்வி கட்டட அமைப்பினாலேயே எழுந்துவிடும். வீட்டுக்காரர் தமக்கு ஒத்த நிலையிலுள்ளாரை உள்ளறைக்கு அழைப்பார் என்பது ஊகிக்கத்தக்கதே.

இடத்தில் மட்டுமன்றி உணவிலும் தரம் பிரிப்பது அந்நாளைய நாகரிகத்தில் பழகிப்போன ஒன்று. ரோமானியப் பிரபுவாகிய இளைய பிளினி, தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் சென்ற ஒரு விருந்தில் திராட்சரசம் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டுச் சிறு குப்பிகளில் வைக்கப்பட்டிருந்ததை அருவருப்போடு விவரிக்கிறார்: முதல் தரம் விருந்தளித்தவருக்கும் பிளினி போன்றோருக்கும், இரண்டாந்தரம் தாழ்ந்த நிலை நண்பர்களுக்கும், மூன்றாந்தரம் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் உரியதாக இருந்தது. தம் வீட்டில் யாவருக்கும் ஒரே உணவுதான் என்றும், அதற்குச் செலவு மிகாதோ என்று கேட்டவரிடம், அவ்விடுதலை பெற்ற அடிமைகள் பருகுவதையே தாமும் பருகுவதாகத் தாம் கூறியதாகவும் அவர் எழுதுகிறார். மார்ஷல், ஜூவெனல் என்னும் லத்தீன் கவிஞர்களும் இத்தகைய விருந்துகளை எள்ளி நகையாடியுள்ளனர்.

இப்பின்னணியில் வைத்து நோக்கினால், கொரிந்துவின் குற்றம் தெளிவாகும். ஓய்வுள்ள செல்வர் பொழுது சாயுமுன்னரே வந்து, தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்டு குடிக்கத் தொடங்கிவிட்டனர்; எசமானர் விடுத்த பின்னரே வரத்தக்க அடிமைகளும், கூலிவேலை முடித்து வருவோரும் வந்துசேர்ந்தபோது, மிச்சமிருந்தது சொற்பம். ஒருவன் பசியாயிருக்கிறான், மற்றொருவன் வெறித்திருக்கிறான் என்பதே பவுல் சாட்டும் குற்றத்தின் சாரம். 1970-களில் ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசென் இச்சச்சரவின் வேர் உபதேச வேறுபாட்டில் இல்லை, சமூக நிலை வேறுபாட்டிலே உள்ளது என்று நிறுவ முற்பட்ட ஆய்வுகள் வெளிவந்த பின்னர், பவுல் கொரிந்துவாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தை வாசிக்கும் முறையே பெரிதும் மாறிற்று. கொரிந்துவின் செல்வர் கொடியவர் அல்லர். தம் நகரத்து வழக்கப்படி நடந்துகொண்ட மரியாதைக்காரர். அவர்கள் வழக்கத்தை மீறாததே அவர்கள் செய்த குற்றம்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. மேற்கூறிய பிளினியே, கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா நாட்டின் அதிபதியாயிருந்தபோது, கிறிஸ்தவர்களை விசாரணை செய்து டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதிய அறிக்கையில், அவர்கள் விடியுமுன் கூடித் துதிபாடுவதையும், களவு முதலியன செய்வதில்லை என ஆணையிட்டுக்கொள்வதையும், பின்னர் மீண்டும் கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவை உண்பதையும் குறிப்பிடுகிறார். சங்கங்கள் கூடுவதைத் தடுத்துத் தாம் இட்ட ஆணைக்குப் பின் அவ்வுணவை அவர்கள் நிறுத்திவிட்டதாகவும் தெரிவிக்கிறார். உண்மையறிவதற்கென்று அவர் சித்திரவதைக்கு உள்ளாக்கிய இருவர், அச்சபையில் ஊழியப் பொறுப்பு வகித்த அடிமைப் பெண்கள். தம் வீட்டுப் பந்தியில் சமத்துவம் பேணியதாகப் பெருமிதங்கொண்டவர், அடிமைகள் பொறுப்பேற்று நடத்திய ஒரு பந்தியைக் கண்டபோது அதனை மூடநம்பிக்கையென்றே முடிவுகட்டினார். தயாள குணத்தால் மேலிருந்து வழங்கப்படும் சமத்துவமும், கீழிருப்போருக்கு உரிமையாக அமைந்த சமத்துவமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பவுலின் தீர்ப்பு

பவுல் எபேசுவிலிருந்து இந்நிருபத்தை எழுதியது கி.பி. 54-ஐ ஒட்டி எனலாம். குலோவேயாள் என்பவரின் வீட்டார் நேரில் வந்து சொன்ன செய்திகளும், சபையாரே எழுதியனுப்பிய கேள்விகளும் அவர் முன் இருந்தன. விருந்தைப் பற்றிய பகுதியில் அவர் சினமே மேலோங்குகிறது. அவர்கள் கூடி உண்பது கர்த்தருடைய விருந்தே அன்று என்கிறார். சடங்கில் ஏதும் குறைந்திருந்ததாக அவர் சொல்லவில்லை. அப்பம் இருந்தது, பாத்திரம் இருந்தது, வேண்டுதலும் இருந்திருக்கும். இல்லாதவர்கள் வெட்கமடையும்படி நேர்ந்ததாலேயே அது கர்த்தரின் விருந்தாகாது போயிற்று என்பது அவர் துணிபு. சபை எதனால் சபையாகிறது என்னும் வினாவுக்கு, கிறிஸ்தவ இலக்கியத்தில் இதற்கு முன்னர் இவ்வளவு திட்டமான விடை எழுதப்பட்டதில்லை. அவர் இட்ட கட்டளையோ மிகச் சுருங்கியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இக்கட்டளைக்கு அடிப்படையான கருத்தைப் பவுல் அடுத்த அதிகாரத்தில் சரீர உவமையால் விரிக்கிறார். இவ்வுவமை அவர் புதிதாகக் கண்டதன்று. கி.மு. 494-இல் ரோமாபுரியின் பாமர மக்கள் பிரபுக்களின் கொடுமைக்கு ஆற்றாமல் நகரத்தை விட்டு வெளியேறிப் புனித மலையிற் போய்த் தங்கியபோது, மெனேனியஸ் அக்ரிப்பா என்பவர் அவர்களிடம் சென்று, வயிற்றுக்கு எதிராகக் கைகால்கள் வேலைநிறுத்தம் செய்து தாமே மெலிந்துபோன கதையைச் சொல்லித் திருப்பி அழைத்துவந்ததாக லிவி என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். உழைப்போர் உழைக்க, உண்போர் உண்ண, அதுவே யாவருக்கும் நன்மை என்பது அக்கதையின் உட்கிடை. ஆளுவோர்க்கு மிகவும் உகந்த உபதேசம். பவுல் அவ்வுவமையை எடுத்துத் தலைகீழாக்கினார். கீழுள்ள உறுப்பு மேலுள்ளதை நோக்கி அடங்கியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தலை பாதங்களை நோக்கி நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லக்கூடாது என்றே சொல்கிறார். பலவீனமாய்த் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை என்றும், கனக்குறைவானவற்றுக்கே அதிக கனம் அளிக்கப்படுகிறது என்றும், ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லாம் உடன் துன்புறும் என்றும் அவர் முடிக்கிறார்.

இந்நிருபத்தின் ஏனைய தீர்ப்புகளும் இவ்வொரே நியாயத்தின் பிரயோகங்களே. விக்கிரகத்துக்குப் படைத்த மாமிசத்தை உண்ணலாமா என்னும் கேள்வியில், உண்பதில் தவறில்லை என்னும் கல்வியறிவுடையார் கட்சியையே பவுல் கருத்தளவில் ஏற்கிறார். ஆயினும் அவ்வறிவு பலவீனமான மனச்சாட்சியுடைய சகோதரனை இடறச் செய்யுமாயின், தாம் என்றைக்கும் மாமிசம் உண்பதில்லை என்கிறார். தினமும் மாமிசம் வாங்க இயலாத ஏழைகள், கோவில் திருவிழாக்களில்தான் அதனைக் கண்டிருப்பர். ஆகவே அவர்கள் நினைவில் மாமிசமும் வழிபாடும் பிரிக்கவொண்ணாது பிணைந்திருந்தன என்று தைசென் காட்டும் விளக்கம் இங்கே பொருத்தமாக அமைகிறது. சகோதரர் ஒருவர்மேல் ஒருவர் நகர நீதிமன்றத்தில் வழக்காடுவதையும் பவுல் கண்டிக்கிறார். அந்நீதிமன்றங்கள் செல்வாக்குடையார் பக்கமே சாய்பவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆராதனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில், அமர்ந்திருக்கும் வேறொருவருக்கு வெளிப்பாடு உண்டானால், முந்தினவர் பேச்சை நிறுத்தவேண்டும் என்று விதிக்கிறார்.

பணத்தைப் பற்றியும் இதே நோக்குத்தான். எருசலேம் ஏழைகளுக்கென்று வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னவர், அடுத்த நிருபத்தில், ஒருவர் மிகுதி மற்றவர் குறைவை நிரப்பிச் சமநிலை உண்டாக வேண்டும் என்கிறார். அப்பணத்தைக் கொண்டுசெல்வோரைச் சபைகளே தெரிந்தெடுக்க வேண்டும், தம்மீது ஒருவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்றும் அவர் ஏற்பாடு செய்கிறார். காணிக்கைக் கணக்கால் பிளவுபட்ட சபைகளின் வரலாற்றை அறிந்தோர் அம்முன்னெச்சரிக்கையின் அருமையை உணர்வர்.

நியமமாக நிலைபெறுதல்

பவுலின் காலத்துக்குப் பின் இப்போதனை வழக்கமாகவும் சட்டமாகவும் உறைந்தது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என வழங்கும் மிகப் பழைய சிறுநூல், பிணக்குடைய இருவர் சமாதானமாகும்வரை விருந்திற் சேரலாகாது என்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமாபுரியில் எழுதிய ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிறுதோறும் சேரும் காணிக்கை சபைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவிடப்பட்டதையும், வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர் மூலம் திருவிருந்தின் பங்கு வீட்டுக்கே அனுப்பப்பட்டதையும் விவரிக்கிறார். கொரிந்துவில் பிந்திவந்தவன் வெறுங்கையோடு நின்றான்; நூறாண்டுக்குப் பின் ரோமாபுரியில் வராதவனுக்கும் பங்கு போயிற்று.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் மாண்டே கசினோ மடத்தை நிறுவிய பெனடிக்ட் வகுத்த 73 அதிகாரங்கள் கொண்ட நியமம், இப்போதனையை அன்றாட வாழ்வின் நுட்பங்களுக்குள்ளே கொண்டுசென்றது. மடத்தில் ஒருவரது வரிசை அவர் சேர்ந்த காலத்தைப் பொறுத்ததேயன்றிப் பிறப்பைப் பொறுத்ததன்று. அடிமையாயிருந்து வந்தவருக்கு மேலாகச் சுதந்தரக்குடியில் பிறந்தவரை, வேறு தகுந்த காரணமின்றி, வைத்தல் கூடாது. சமையலறைப் பணி வாரமுறையில் யாவருக்கும் உரியது. வார முடிவில் பணிசெய்தவர் மற்றவர் பாதங்களைக் கழுவவேண்டும். முக்கியமான காரியங்களில் மடத்தலைவர் அனைவரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனெனில் சிறந்ததைக் கடவுள் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பதும் அவர் விதி. பங்கீடோ யாவர்க்கும் ஒரே அளவன்று. குறைவாகத் தேவைப்படுவோர் நன்றி செலுத்தட்டும், அதிகம் தேவைப்படுவோர் தாழ்மை கொள்ளட்டும் என்பது அவர் காட்டிய நடுநிலை.

அடைக்கப்படாத வாயில்

இவ்வளவு சொன்ன பின்னரும், பவுலின் தீர்ப்பில் ஒரு நெகிழ்ச்சி இருந்ததை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. பசித்தவன் தன் வீட்டிலே உண்ணட்டும் என்று அவர் சொல்லும்போது, செல்வர் தம் வீட்டில் தம் நிலைக்கேற்ப உண்பதற்கு இடந்தருகிறார். சபை கூடும் இடத்தில் மட்டும் வேற்றுமை காட்டலாகாது என்பதே அதன் விளைவு. எசமானும் அடிமையும் சபையிற் சகோதரர். வீடு திரும்பியபின் மீண்டும் எசமானும் அடிமையுமே. இவ்வமைப்பைத் தைசென், அன்பினால் மென்மையாக்கப்பட்ட குடும்பத்தலைவர் ஆட்சி என்னும் பொருளில் விவரித்தார். உலகமுடிவு அணித்தே உள்ளதென்று நம்பிய ஒரு சிறு கூட்டத்திடம் ரோமானியப் பேரரசின் அடிமைமுறையை ஒழிக்க எதிர்பார்ப்பது நியாயமன்று எனப் பவுலுக்காக வாதாடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும், வாயிற்படிக்கு உள்ளே ஒரு நீதி, வெளியே வேறொரு நீதி என்னும் பிரிவினை நிலைபெற்றுவிட்டால், நாளடைவில் வெளியிலுள்ள நீதியே உள்ளேயும் புகுந்து அமர்ந்துகொள்ளும். இதற்கு நம் நாட்டுத் திருச்சபைகளின் வரலாற்றைவிடச் சிறந்த உதாரணம் தேடவேண்டியதில்லை.

1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தொடங்கிய லுத்தரன் சபையில், சாதி வேற்றுமை சமயத்தைச் சார்ந்ததன்று, வெறும் லௌகிக மரியாதையே என்னும் கொள்கை வேரூன்றிற்று. அதன் பயனாக, தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு சாதியார் தனித்தனிப் பக்கங்களில் அமர்வதும், திருவிருந்துக்கு உயர்ந்தோர் எனப்பட்டோர் முந்தியும் மற்றையோர் பிந்தியும் வருவதும் சம்பிரதாயமாயின. அடுத்த நூற்றாண்டில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன், 1833 ஜூலையில் விடுத்த சுற்றறிக்கையில், சாதி வேற்றுமையைச் சபைகளிலிருந்து உறுதியாகவும் உடனடியாகவும் அறவே நீக்கிவிடக் கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். அவர்களுட் சிலர் பின்னர், இவ்விஷயத்தில் நெகிழ்ந்து கொடுத்த லைப்சிக் லுத்தரன் மிஷனிற் சேர்ந்தனர்.

சாதி நீக்கத்தை எதிர்த்தோரின் கட்சியையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், இளம் மிஷனெரிகள் இழைத்த கொடுமைகளென்று 1820-களின் இறுதியில் எழுதியவற்றுள், சாதியாரைப் பலவந்தமாகக் கலக்கச் செய்வதோடு, பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுவது, விழாக்களில் மலர்களை விலக்குவது, ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனங்களைத் தடுப்பது ஆகியவற்றையும் சேர்த்தே கூறினார். பின்னைய மூன்றிலும் அவர் பக்கமே நியாயம் இருந்தது என இன்று எவரும் ஒப்புவர். தம் மக்களின் பண்பாட்டுக்காகப் பேசிய ஒரு பெருங்கவிஞர், அப்பண்பாட்டின் ஒரு கூறாகவே பந்தி வஞ்சனையையும் கருதிக் காக்க முற்பட்டதுதான் அவ்வரலாற்றின் துயரம். கொரிந்துவின் செல்வரைப் போலவே அவரும் தம் ஊரின் மரியாதையையே காத்தார்.

சட்டத்தாலும் அமர்வரிசையாலும் தீராத இச்சிக்கலுக்கு, உணவே மீண்டும் உரைகல்லாயிற்று. 1847-இல் அமெரிக்கன் மதுரை மிஷன், தன் ஊழியர்கள் சாதி வேற்றுமையைக் கைவிட்டதற்கு அடையாளமாகப் பிறரோடு அமர்ந்து உண்ணவேண்டும் என்று விதித்தது. உபதேசியார் பலர் விலகினர். அன்பின் விருந்து என்பது பரீட்சையாக மாறியபோது அதில் அன்பு எவ்வளவு எஞ்சியிருந்தது என்னும் ஐயம் அன்றே எழுந்தது. மேலும், அப்பரீட்சையை நடத்திய வெள்ளையர் தம் வீட்டு மேசையில் யாரை அமர்த்தினர் என்னும் கேள்வியும் எழாமற் போகவில்லை. அக்கேள்வியை உலகறியக் கேட்டவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்த வி. எஸ். அசரியா. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், பொருளையும் உழைப்பையும் வழங்கிய மேனாட்டார், சமமாக உடன் அமர்ந்து உண்ணும் தோழமையை வழங்கவில்லை என்னும் கருத்துப்பட அவர் ஆற்றிய உரை, அவையோர் பலரைச் சங்கடப்படுத்திற்று. இரண்டாண்டுக்குப் பின் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

அதே 1910-ஆம் ஆண்டில், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு சாதியாரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கும்படி கட்டப்பட்டிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தின் தடுப்பு அகற்றப்பட்டது. தனியிடம் தம் உரிமை என வழக்காடியோர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர். சகோதரர் நீதிமன்றம் ஏறுவதைக் கண்டித்த பவுல், அவர்கள் ஏறியதன் காரணத்தை அறிந்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பார்.

முடிவு

இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரங்களின் சபைகளில் ஆண்டுதோறும் அசன விருந்து நடைபெறுகிறது. சபையார் தரும் அரிசியும் பொருளும் கொண்டு ஆலய வளாகத்திலேயே பெரும் அண்டாக்களிற் சமைத்து, வந்தோர் யாவருக்கும், பிற சமயத்தாருக்கும்கூட, பேதமின்றிப் பரிமாறுகின்றனர். ஒரு காலத்தில் சபைகளைப் பிளந்த காரியம் இன்று விழாவாகிவிட்டது. இது சிறிய வெற்றியன்று. ஆனால், அசனத்தில் அருகருகே அமர்ந்து உண்டவர்கள், மணவினை பேசும்போது சாதி பார்ப்பதும், சபைத் தேர்தலில் சாதி எண்ணி வாக்களிப்பதும், சில ஊர்களில் இறந்தோரைத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களிற் புதைப்பதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. பவுல் அடைக்காமல் விட்ட வாயில் இன்றும் திறந்தே கிடக்கிறது.

ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று கொரிந்துவாருக்கு எழுதப்பட்ட அக்கட்டளை விருந்து மண்டபத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ளப்பட்டவரை, அது மண்டபத்துக்குள்ளும் முழுமையாக நிறைவேறவில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. வரிசையிற் கடைசியில் நிற்பவனுக்காகக் காத்திருத்தல் என்னும் நியாயம், ஆராதனைக்கும் அசனத்துக்கும் அப்பால், சபையின் பள்ளிகளில் இடமளிப்பதிலும், பதவிகளைப் பங்கிடுவதிலும், பெண் கொள்வதிலும் கொடுப்பதிலும், இறுதியில் ஆறடி நிலத்திலும் செல்லுபடியாக வேண்டும். அவ்வாறு செல்லுபடியாகாத இடத்தில், விசுவாசப் பிரமாணம் எவ்வளவு பிழையறச் சொல்லப்படினும், அங்கே கூடியிருப்பது ஒரு கூட்டமேயன்றிச் சபையன்று.